பழைய கணினித் திரைகளின் பழுதுபார்ப்பு

பழைய கணினித் திரைகளின் பழுதுபார்ப்பு என்பது, எதிர்மின் கதிர்க் குழாயைக் கொண்டு இயங்கும் கணினித் திரைகள் செயலிழக்கும்போது, அவற்றின் குறையைக் கண்டறிந்து மீண்டும் இயங்கச் செய்யும் பணியாகும். 1970களிலிருந்து 2000களின் தொடக்கம் வரை மேசைக் கணினிகளுடன் பயன்பட்ட திரைகளிற் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஒளி தராத திரை ஒன்றைக் கண்டதும் அதன் குழாயே போய்விட்டது என்று கருதுவது வழக்கம். ஆனால் குழாயைச் சுற்றியுள்ள பல சுற்றுகளுள் ஏதேனும் ஒன்று நின்றுபோனாலும் திரை இருண்டுவிடும். குறிகை கிடைக்காத காரணத்தால் மட்டுமே ஒளிராமல் இருக்கும் நல்ல திரைகளும் உண்டு. எனவே திரை இருண்டிருப்பது ஓர் அறிகுறி மட்டுமே. எந்தச் சுற்று நின்றுவிட்டது என்று காண்பதே இப்பணியின் மையப் பகுதியாகும்.

இத்திரைகளின் உள்ளே பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அது குழாயில் தங்கியிருக்கக்கூடும். ஆகையால், இயங்கும் முறையை அறியாமல் இவற்றைத் திறப்பது உயிருக்கு ஆபத்தானது.

பின்னணி

எதிர்மின் கதிர்க் குழாயைக் கொண்டு மின் அலைகளைக் காட்டும் கருவியைச் செருமானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினண்ட் பிரவுன் 1897 ஆம் ஆண்டில் உருவாக்கினார். பின்னர் அலைவுகாட்டி, தொலைக்காட்சி, கணினித் திரை ஆகிய மூன்றும் இக்குழாயை அடிப்படையாகக் கொண்டே வளர்ந்தன. பேச்சுவழக்கில் இது 'பிக்சர் டியூப்' எனப்பட்டது.

1981 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஐபிஎம் நிறுவனம் தனது தனியாள் கணினியை அறிமுகப்படுத்தியபோது, அதனுடன் 5151 என்னும் எண் கொண்ட ஒருநிறத் திரையையும் வெளியிட்டது. 1984 ஆம் ஆண்டு சனவரியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மாக்கின்டோஷ் கணினியில் 9 அங்குலத் திரை கணினிப் பெட்டிக்குள்ளேயே அமைந்திருந்தது. கணினி வரலாற்றில் ஆர்வமுடையோர் இன்றும் பாதுகாத்துவரும் திரைகளில் இவ்விரண்டும் குறிப்பிடத்தக்கவை. இக்கட்டுரையில் இவை எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திரை இயங்கும் முறை

குழாய்

எதிர்மின் கதிர்க் குழாய் காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் கலம் ஆகும். அதன் ஒடுங்கிய கழுத்துப் பகுதியில் ஒரு மின்னிழை உண்டு. இது 'ஹீட்டர்' எனப்படும். இவ்விழை சூடாகும்போது அதனைச் சூழ்ந்துள்ள எதிர்மின்வாய் எதிர்மின்னிகளை வெளியிடுகிறது. இவை முன்பக்கத்தை நோக்கி முடுக்கப்பட்டு, திரையின் உட்புறத்தில் பூசப்பட்டுள்ள ஒளிர்பொருளில் மோதுகின்றன. மோதிய இடம் ஒளிர்கிறது.

எதிர்மின்னிகளை முன்னோக்கி இழுப்பதற்குக் குழாயின் அகன்ற பகுதியில் உள்ள நேர்மின்வாய்க்கு மிக உயர்ந்த மின்னழுத்தம் தேவை. சிறிய ஒருநிறத் திரைகளில் இது 12,000 வோல்ட் அளவிலும், வண்ணத் திரைகளில் 25,000 வோல்ட் அளவிலும் இருக்கும். குழாயின் பக்கவாட்டில் இரப்பர்த் தொப்பி ஒன்றின் கீழ் நுழையும் தடித்த கம்பியே இம்மின்னழுத்தத்தைக் கொண்டுசெல்கிறது.

விலக்கம்

எதிர்மின்னிக் கற்றையை அப்படியே விட்டால் திரையின் நடுவில் ஒரு புள்ளி மட்டுமே தோன்றும். கழுத்தைச் சுற்றியுள்ள விலக்கச் சுருள்கள் காந்தப்புலத்தின் மூலம் கற்றையை இடமிருந்து வலமாகவும், மேலிருந்து கீழாகவும் நகர்த்துகின்றன. முதலாவது கிடை விலக்கம், இரண்டாவது நிலைக்குத்து விலக்கம். ஐபிஎம் 5151 திரையில் கற்றை ஒரு நொடிக்கு 18,432 வரிகளை வரைகிறது. அதாவது ஒரு வரிக்கு ஏறத்தாழ 54 மைக்ரோ நொடிகள் ஆகின்றன. முழுப் படமும் நொடிக்கு ஏறத்தாழ 50 முறை வரையப்படுகிறது. மாக்கின்டோஷில் இவை முறையே ஏறத்தாழ 22,250 வரிகளும் 60 முறையும் ஆகும்.

நொடிக்கு 50 முறை வரையும் படம் கண்ணுக்குத் துடிப்பதுபோல் தோன்றும். இதனைத் தவிர்ப்பதற்காக 5151 திரையில் நீண்ட நேரம் ஒளிரும் பி39 என்னும் பச்சை ஒளிர்பொருள் பயன்படுத்தப்பட்டது. அத்திரையில் எழுத்துகள் நகரும்போது பின்னால் மங்கிய நிழல் தொடர்வது இதனாலேயே. இது பழுது அன்று.

உயர் மின்னழுத்தம் உருவாகும் முறை

கற்றை ஒரு வரியை வரைந்து முடித்ததும் மிக விரைவாகத் தொடக்கத்திற்குத் திரும்ப வேண்டும். அதற்காகக் கிடை விலக்கச் சுருளின் மின்னோட்டம் திடீரென நிறுத்தப்படுகிறது. ஓடும் மின்னோட்டத்தைத் தடுத்தால் சுருளில் பெரும் மின்னழுத்தத் துடிப்பு எழும். இத்துடிப்பை ஒரு மின்மாற்றியின் மூலம் பன்மடங்கு உயர்த்தி, இருமுனையங்களால் நேராக்கி, நேர்மின்வாய்க்கு அனுப்புகின்றனர். இம்மின்மாற்றி மீள்வீச்சு மின்மாற்றி எனப்படும். பழுதுபார்ப்போர் இதனை 'ஈ.எச்.டி.' என்று அழைப்பர்.

இதிலிருந்து முக்கியமான ஒரு விளைவு பெறப்படுகிறது. கிடை விலக்கமும் உயர் மின்னழுத்தமும் ஒரே சுற்றிலிருந்து பிறப்பவை. எனவே கிடை விலக்கத்தை இயக்கும் சுற்று நின்றால் உயர் மின்னழுத்தமும் நின்று, திரை முழுவதும் இருண்டுவிடும். மாறாக, நிலைக்குத்துச் சுற்று நின்றால் உயர் மின்னழுத்தம் தொடரும். திரையின் குறுக்கே ஒரு கோடு மட்டும் தெரியும்.

குறிகை இன்றி ஒளிராத திரைகள்

தொலைக்காட்சிப் பெட்டிகளில் கிடை விலக்கத்தை இயக்க ஓர் அலையியற்றி உள்ளேயே இருக்கும். வெளியிலிருந்து வரும் ஒத்திசைவுத் துடிப்பு அதன் வேகத்தைச் சரிசெய்ய மட்டுமே உதவும். ஆகவே அலைவாங்கி இணைக்கப்படாவிட்டாலும் திரை ஒளிரும். பழைய கணினித் திரைகள் எல்லாவற்றிலும் இவ்வாறு இல்லை.

ஐபிஎம் 5151 திரையில் கிடை அலையியற்றி கிடையாது. கணினியிலுள்ள காட்சி அட்டை அனுப்பும் கிடை ஒத்திசைவுத் துடிப்பே அதன் வெளியீட்டுச் சுற்றை நேரடியாக இயக்குகிறது. துடிப்பு வராவிட்டால் உயர் மின்னழுத்தம் தோன்றாது. எனவே கணினி இன்றி இத்திரைக்கு மின்சாரம் மட்டும் கொடுத்துப் பார்ப்பவருக்கு, நன்றாக இயங்கும் திரையும் செத்துப்போன திரையாகவே தோன்றும். மேலும் இதற்குத் தனியான மின் ஆளி இல்லை. இதன் மின்வடம் கணினியின் பின்புறத்திலுள்ள மின்வழங்கித் துளையில் செருகப்படுவதற்காக அமைக்கப்பட்டது. கணினியை இயக்கும்போது திரையும் இயங்கும்.

இவ்வமைப்பினால் மற்றோர் இடரும் உண்டு. சுருளில் மின்னோட்டம் நேரத்துடன் சேர்ந்து உயர்ந்துகொண்டே போகும். 5151 திரைக்கு 54 மைக்ரோ நொடிக்கு ஒரு துடிப்பு வர வேண்டும். அதே நிறுவனத்தின் வண்ணக் காட்சி அட்டையோ ஏறத்தாழ 63.5 மைக்ரோ நொடிக்கு ஒரு துடிப்பை அனுப்புகிறது. இரண்டுக்கும் ஒரே வடிவிலான 9 ஊசி இணைப்பியே பயன்பட்டது. தவறான அட்டையில் இணைத்தால் மின்னோட்டம் கூடுதல் நேரம் உயர்ந்து, வெளியீட்டுத் திரிதடையம் அளவுக்கு மீறிச் சூடாகும். இவ்வாறு இணைத்தாலும், காட்சி அட்டையின் பதிவகங்களில் தவறான எண்களை எழுதினாலும் திரை பழுதடையக்கூடும். மென்பொருளால் வன்பொருள் கெடக்கூடும் என்பதற்கு இது அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு ஆகும். 1984 ஆம் ஆண்டில் வெளிவந்த ஈஜிஏ அட்டை ஒருநிறத் திரை, வண்ணத் திரை ஆகிய இரண்டையும் இயக்க வல்லது. எத்திரை இணைக்கப்பட்டுள்ளது என்பதை அதிலுள்ள சிறு ஆளிகளைக் கொண்டு முன்கூட்டியே அமைக்க வேண்டும்.

மாக்கின்டோஷின் தொடக்ககால வகைகளிலும் கிடைத் துடிப்பு கணினியின் தருக்கப் பலகையிலிருந்தே வருகிறது. தருக்கப் பலகை செயலிழந்தால், திரைச் சுற்றில் எவ்விதக் குறையும் இல்லாமலே திரை இருண்டிருக்கும்.

இக்காரணங்களால், எந்தத் திரையையும் திறப்பதற்கு முன்னர், அது குறிகை இன்றி ஒளிரும் வகையா என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும். இயலுமாயின், நன்றாக இயங்குவதாக அறியப்பட்ட கணினியுடன் இணைத்துச் சோதித்தல் நன்று.

பாதுகாப்பு

பழுதுபார்ப்பவர் பின்வரும் மூன்று இடர்களை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முதலாவது, குழாயில் தங்கும் மின்னேற்றம். குழாயின் கண்ணாடிக்கு உள்ளும் புறமும் கடத்தும் பூச்சுகள் உள்ளன. நடுவில் கண்ணாடி இருப்பதால் குழாய் முழுவதும் ஒரு மின்தேக்கியாகிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்டுப் பல நாட்கள் சென்றும் இதில் மின்னேற்றம் எஞ்சியிருக்கக்கூடும். சில மீள்வீச்சு மின்மாற்றிகளில் இதனை வடியச் செய்யும் மின்தடையம் உண்டு. ஆயினும் அதனை நம்பிக் கைவைத்தல் கூடாது.

மின்னேற்றத்தை நீக்குவதற்கு, மின்செருகியைக் கழற்றிய பின், நன்கு காப்பிடப்பட்ட பிடியுடைய தட்டைத் திருப்புளி ஒன்றின் உலோகத் தண்டில் ஒரு கம்பியை இணைக்க வேண்டும். கம்பியின் மறுமுனையைக் குழாயின் பின்புறத்தைச் சுற்றிச் செல்லும் பின்னல் நிலக்கம்பியில் பொருத்த வேண்டும். பின்னர் ஒரு கையை மட்டும் பயன்படுத்தித் திருப்புளியின் முனையை இரப்பர்த் தொப்பியின் கீழே செலுத்தி, உள்ளேயுள்ள உலோகக் கொக்கியைத் தொட வேண்டும். மின்னேற்றம் இருந்தால் 'சட்' என்ற ஒலி கேட்கும். கண்ணாடியில் ஊறிய மின்னேற்றம் மெல்லத் திரும்பி வருவதால், சில நிமிடங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை இவ்வாறு செய்வது வழக்கம். திரை இயங்கிக்கொண்டிருக்கும்போது இதனை ஒருபோதும் செய்தல் கூடாது.

இரண்டாவது, மின்வழங்கியிலுள்ள பெரிய மின்தேக்கிகள். 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாக நேராக்கும் நிலைமாற்று மின்வழங்கிகளில், முதன்மை மின்தேக்கி 325 வோல்ட் வரை ஏற்றம் பெறும். இவ்வகைச் சுற்றுகளின் ஒரு பகுதி மின்னிணைப்புடன் நேரடித் தொடர்பில் உள்ளது. இயக்கத்தில் வைத்துச் சோதிக்க நேரும்போது தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்றின் வழியாகவே மின்சாரம் தர வேண்டும். எனினும் அத்தகைய மின்மாற்றி குழாயின் உயர் மின்னழுத்தத்திலிருந்து பாதுகாப்பளிக்காது.

மூன்றாவது, குழாயின் வெற்றிடம். உடைந்தால் கண்ணாடி உள்நோக்கிச் சிதறி, பின்னர் வெளியே தெறிக்கும். கழுத்துப் பகுதியே மிகவும் மெல்லியது. கழுத்தின் முனையிலுள்ள சிறு சுற்றுப்பலகையைக் கழற்றும்போது பக்கவாட்டில் அசைக்காமல் நேராக இழுத்தல் வேண்டும். குழாயைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குதல் கூடாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும்.

தனியாக இருக்கும்போது இப்பணியில் ஈடுபடாதிருத்தல் நன்று. மின்னியல் அறிவு இல்லாதோர் வெளிச் சோதனைகளுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குறையைக் கண்டறிதல்

வெளிச் சோதனைகள்

மின்வடம், சுவர்த் துளை, இணைப்பு வடம், ஊசிகள் வளைந்திருத்தல், ஒளிர்வுக் குமிழ் முற்றிலும் குறைக்கப்பட்டிருத்தல் ஆகியவற்றை முதலிற் பார்த்தல் வேண்டும். பின்னர் இருட்டறையில் திரையை இயக்கி, புலன்களாலேயே பலவற்றை அறியலாம்.

- இயக்கியவுடன் திரையின் முகப்பில் சலசலப்பு ஒலி கேட்டால், அல்லது முகப்பின் அருகே கொண்டுசென்ற புறங்கையின் மயிர் சிலிர்த்தால், உயர் மின்னழுத்தம் உண்டாகிறது எனலாம்.
- காற்றுத் துளைகளின் வழியே பார்க்கும்போது கழுத்தில் செம்மஞ்சள் நிற ஒளி தெரிந்தால், மின்னிழை சூடாகிறது.
- குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் திரைகளில் மெல்லிய கீச்சொலி கேட்டால், கிடை விலக்கச் சுற்று இயங்குகிறது. அகவை கூடியோர்க்கு இவ்வொலி கேட்பது அரிது.
- 'டிக், டிக்' என்ற ஒலி விட்டுவிட்டுக் கேட்டால், மின்வழங்கி இயங்க முயன்று, எங்கோ உள்ள குறுக்குச் சுற்றினால் மீண்டும் மீண்டும் நின்றுபோகிறது.

அறிகுறிகளும் காரணங்களும்

ஒளி, ஒலி, மின்னிழை வெளிச்சம் எதுவும் இல்லை: மின்வழங்கியில் குறை இருக்கலாம். உருகி, ஆளி, நேராக்கும் இருமுனையங்கள், சீராக்கி ஆகியவற்றை இதே வரிசையில் சோதிப்பர். உருகியின் கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால், அது நாட்பட்ட தேய்வாகவும் இருக்கலாம். கண்ணாடி கறுத்தோ வெள்ளியாகப் படிந்தோ இருந்தால், பெரும் மின்னோட்டம் பாய்ந்துள்ளது. காரணத்தை நீக்காமல் புதிய உருகியை இட்டால் அதுவும் உடனே எரியும். கூடிய அளவுள்ள உருகியை இடுதல் தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

மின்னிழை ஒளிர்கிறது, உயர் மின்னழுத்தம் இல்லை: கிடைத் துடிப்பு வரவில்லை, அல்லது கிடை வெளியீட்டுத் திரிதடையம், மீள்வீச்சு மின்மாற்றி ஆகியவற்றுள் ஒன்று பழுது. சில திரைகளில் மின்னிழைக்கான மின்சாரமும் மீள்வீச்சு மின்மாற்றியிலிருந்தே வருவதால், அங்கே இவ்விரண்டும் சேர்ந்தே நிற்கும்.

குறுக்காக ஒரே ஒரு கோடு: நிலைக்குத்து விலக்கச் சுற்று நின்றுவிட்டது. கற்றையின் முழு ஆற்றலும் ஒரே கோட்டில் குவிவதால் ஒளிர்பொருள் நிலையாகக் கருகிவிடும். ஆகவே ஒளிர்வை உடனே குறைத்தல் வேண்டும்.

மேலிருந்து கீழாக ஒரே ஒரு கோடு: உயர் மின்னழுத்தம் உள்ளது, ஆனால் கிடை விலக்கச் சுருளுக்கான தொடர்பு அறுந்துள்ளது. பெரும்பாலும் இது சுருளின் இணைப்பியிலுள்ள ஈயப்பற்று விரிசலே ஆகும்.

வெற்று ஒளி உண்டு, எழுத்து இல்லை: விலக்கமும் உயர் மின்னழுத்தமும் சரியாக உள்ளன. காட்சிக் குறிகையைப் பெருக்கும் சுற்றிலோ இணைப்பு வடத்திலோ குறை இருக்கலாம்.

ஒளிர்வைக் கூட்டும்போது படம் பெரிதாகி மங்குகிறது: உயர் மின்னழுத்தம் சுமையைத் தாங்காமல் தாழ்கிறது. மின்னழுத்தம் குறைந்தால் எதிர்மின்னிகளின் வேகம் குறைந்து, அவை கூடுதலாக விலக்கப்படுவதால் படம் விரிகிறது.

பெட்டியைத் தட்டினால் படம் வந்து போகிறது: ஈயப்பற்று விரிசல் அல்லது தளர்ந்த இணைப்பி.

வழக்கமாகப் பழுதடையும் உறுப்புகள்

ஈயப்பற்று

சுற்றுப்பலகையில் கனமான உறுப்புகளும் சூடாகும் உறுப்புகளும் பொருத்தப்பட்ட இடங்களில், ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் ஈயப்பற்று விரிந்து சுருங்குகிறது. பல ஆண்டுகளில் ஊசியைச் சுற்றி வளையம் போன்ற மெல்லிய விரிசல் உண்டாகிறது. இதனைப் பழுதுபார்ப்போர் 'டிரை சால்டர்' என்பர். மீள்வீச்சு மின்மாற்றி, விலக்கச் சுருள் இணைப்பி, கிடை வெளியீட்டுத் திரிதடையம் ஆகியவற்றின் கால்களில் இது மிகுதி.

1984 ஆம் ஆண்டின் மாக்கின்டோஷ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதில் மின்வழங்கியும் திரைச் சுற்றும் ஒரே பலகையில் அமைந்திருந்தன. விசிறி இல்லாமல் காற்றின் இயல்பான ஓட்டத்தினாலேயே அது குளிர்விக்கப்பட்டது. வெப்பம் பெட்டிக்குள் தங்கியதால் சுருள் இணைப்பியின் ஈயப்பற்று விரிசலடைவது இவ்வகைக் கணினிகளில் நன்கறியப்பட்ட பழுதாயிற்று. 1987 ஆம் ஆண்டில் வந்த மாக்கின்டோஷ் எஸ்இ வகையில் விசிறி சேர்க்கப்பட்டது. இவ்வகைப் பழுதுகளைத் தொகுத்து லாரி பினா என்பவர் 1990களின் தொடக்கத்தில் எழுதிய நூல்கள் இத்துறையில் புகழ்பெற்றவை.

விரிசலைச் சரிசெய்வதற்கு, பழைய ஈயத்தை உறிஞ்சி நீக்கிவிட்டுப் புதிய ஈயத்தை இட வேண்டும். பழையதை வெறுமனே சூடாக்கினால் அது சிறிது காலமே நிலைக்கும். உறுப்பு எதனையும் மாற்றாமல், இவ்வொரு செயலினாலேயே மீண்டும் ஒளிரும் திரைகள் பல.

மின்தேக்கிகள்

மின்பகுளி மின்தேக்கிகளின் உள்ளே ஈரமான மின்பகுளி உள்ளது. காலப்போக்கில், குறிப்பாக வெப்பத்தில், அது உலர்ந்துவிடுகிறது அல்லது கசிகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் மின்தேக்கியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கொள்ளும் தோராய விதி. உலர்ந்த மின்தேக்கியின் கொள்ளளவு குறைவதைவிட, அதன் உள்தடை உயர்வதே முதலில் நிகழ்வதுண்டு. ஆகையால் கொள்ளளவை மட்டும் அளந்து நல்லது என முடிவுசெய்தல் தவறாகலாம். உள்தடையை அளப்பதற்குத் தனி அளவி உண்டு.

படம் குறுகுதல், மேற்பகுதி மடிந்து தோன்றுதல், படத்தின் விளிம்பு அலைபோல் நெளிதல் ஆகியவை இக்குறையின் அறிகுறிகளாகும். மாற்றும்போது மின்முனைகளைப் பார்த்துப் பொருத்த வேண்டும். மின்னழுத்த அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருத்தல் வேண்டும். கிடை விலக்கச் சுற்றில் உள்ள சில மின்தேக்கிகள் படத்தின் அகலத்தையும் உயர் மின்னழுத்தத்தின் அளவையும் நிறுவுகின்றன. அவற்றுக்கு அதே அளவும் அதே வகையும் கொண்டவற்றையே இட வேண்டும்.

1980களின் கருவிகளில் மின் நுழைவாயிலில் பயன்பட்ட உலோகப்பூச்சுத் தாள் மின்தேக்கிகள் வேறொரு வகையில் கெடுகின்றன. இவற்றின் ஒளிபுகு மேலுறை வெடித்து, ஈரத்தை உள்ளிழுத்து, நீண்ட நாள் கழித்து மின்சாரம் பெற்றதும் புகையைக் கக்கும். பல ஆண்டுகள் இயக்கப்படாத கருவியை உடனே இயக்காமல், முதலில் இவற்றை மாற்றிவிடுவது வழக்கம்.

கிடை வெளியீட்டுத் திரிதடையம்

திரையின் உறுப்புகளுள் மிகுந்த மின் அழுத்தத்துக்கு உள்ளாவது இதுவே. பழுதடையும்போது பெரும்பாலும் இதன் முனைகள் குறுக்குச் சுற்றாகிவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, மின்னேற்றத்தை நீக்கி, பல்மானியால் இதனை எளிதில் அறியலாம். ஆனால் சில திரிதடையங்களின் உள்ளேயே இருமுனையமும் மின்தடையமும் அமைந்திருக்கும். அவற்றின் அளவுகளைக் குறுக்குச் சுற்று எனப் பிழையாகக் கொள்ளுதல் கூடாது.

திரிதடையம் தானாகக் கெடுவதைவிட வேறொன்றின் குறையால் கெடுவதே மிகுதி. காரணத்தை அறியாமல் மாற்றினால் புதியதும் நொடிப்பொழுதில் எரிந்துவிடும். இதனைத் தவிர்க்க, மின்வழியில் 60 அல்லது 100 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்துச் சோதிப்பர். 'சீரீஸ் லேம்ப்' எனப்படும் இம்முறையில், குறுக்குச் சுற்று இருந்தால் விளக்கு முழு ஒளியுடன் எரிந்து, மிகை மின்னோட்டத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். விளக்கு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் பெருங்குறை இல்லை எனக் கொள்ளலாம்.

மீள்வீச்சு மின்மாற்றி

இதன் சுருள்களுக்கிடையே காப்பு சிதைந்தால் மின்பொறி பாயும். ஓசோன் மணமும், இருட்டில் தெரியும் நீல ஒளியும், மேலுறையில் வெடிப்பும் இதன் அறிகுறிகளாகும். சில சுற்றுகள் மட்டும் தமக்குள் தொட்டுக்கொண்டால், பல்மானியின் தடை அளவில் வேறுபாடு தெரியாது. இதற்குச் சுருளின் அதிர்வு தேய்வதை ஆராயும் தனிச் சோதனை தேவை. ஒவ்வொரு திரைக்கும் இம்மின்மாற்றி தனியாக வடிவமைக்கப்பட்டதால், ஒன்றுக்கு மற்றொன்று பெரும்பாலும் பொருந்தாது. இன்று இது கிடைப்பதே பல பழுதுபார்ப்புகளின் வெற்றி தோல்வியை முடிவுசெய்கிறது.

குழாயின் நிலை

குழாயின் கழுத்தின் உட்புறத்தில் கண்ணாடி போன்று பளபளக்கும் வெள்ளிநிறப் படிவு ஒன்று காணப்படும். எஞ்சிய வளிமங்களைப் பிடித்துவைப்பதற்காகப் படியச் செய்யப்பட்ட பேரியம் இது. அப்படிவு பால்போல் வெளுத்திருந்தால் காற்று உட்புகுந்துவிட்டது; அக்குழாயை மீட்க இயலாது. மின்னிழை அறுந்துவிட்டாலும் அவ்வாறே.

படம் தெளிவாக இருந்து ஒளி மட்டும் குறைந்திருந்தால், எதிர்மின்வாய் தேய்ந்திருக்கலாம். இயக்கிப் பல நிமிடங்கள் கழித்தே ஒளி வருதலும் இதனைக் காட்டும். ஒரே படம் ஆண்டுக்கணக்கில் நின்ற திரைகளில், அதன் வடிவம் ஒளிர்பொருளில் நிலையாகப் பதிந்திருக்கும். இதனை நீக்க இயலாது. ஆயினும் திரை இயங்குவதற்கு இது தடையன்று.

1978 ஆம் ஆண்டில் வந்த டெக் விடி100 போன்ற முனையங்களில், குழாய்க்கும் அதன் முன் ஒட்டப்பட்ட காப்புக் கண்ணாடிக்கும் இடையிலுள்ள பசை காலப்போக்கில் சிதைந்து, கண்புரை போன்ற திட்டுகள் தோன்றுகின்றன. இது குழாயின் உட்குறை அன்று.

பழுது நீக்கிய பின்

பழுது நீங்கிய திரையை உடனே மூடாமல், மின்வழங்கியின் மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவில் உள்ளதா என முதலில் அளத்தல் வேண்டும். அது மிகுந்தால் குழாயின் மின்னழுத்தமும் மிகுந்து, ஊடுகதிர் வெளிப்பாடு கூடும். இதனாலேயே பிற்காலத் திரைகளில், உயர் மின்னழுத்தம் எல்லை மீறினால் தானே நின்றுவிடும் காப்புச் சுற்று அமைக்கப்பட்டது. அச்சுற்று திரையை நிறுத்துமாயின் அதனைத் துண்டித்துவிட்டு இயக்குதல் கூடாது.

நேர்மின்வாயின் மின்னழுத்தத்தைச் சாதாரண பல்மானியால் அளக்க முயல்வது ஆபத்தானது. அதற்கெனச் செய்யப்பட்ட உயர் மின்னழுத்த அளவுகோல் தேவை. அதன்பின் அகலம், உயரம், குவியம் ஆகியவற்றைச் சரிசெய்து, சில மணி நேரம் இயக்கி, மீண்டும் ஒருமுறை சூடாகும் இடங்களைப் பார்வையிடுவர். சுருள்களின் உள்ளகங்களை உலோகத் திருப்புளியால் திருப்பினால் அவை உடையக்கூடும். நெகிழித் திருப்புளியே ஏற்றது.

இன்றைய நிலை

தட்டைத் திரைகளின் வரவால் எதிர்மின் கதிர்க் குழாய்களின் பெருமளவு உற்பத்தி 2010களின் நடுப்பகுதிக்குள் நின்றுவிட்டது. மின்தேக்கி, திரிதடையம், உருகி ஆகியவற்றுக்கு மாற்று இன்றும் கிடைக்கிறது, குழாய்க்குக் கிடைப்பதில்லை. பழைய கணினி ஒன்று தனது காலத்தில் எவ்வாறு தோன்றியது என்பதை, ஒளிர்பொருளின் நிறம், நகரும் எழுத்தின் நிழல், வரிகளுக்கிடையேயான இருள் ஆகியவற்றுடன் காட்ட வல்லது அக்குழாயே. இருண்டிருக்கிறது என்பதற்காக அகற்றப்படும் திரைகள் பலவற்றில் குழாய் நன்றாகவே இருக்கக்கூடும்.

பழுதுநீக்க இயலாத திரையிலிருந்து மீள்வீச்சு மின்மாற்றி, விலக்கச் சுருள், இணைப்பிகள் முதலியவற்றைக் கழற்றிப் பாதுகாத்தல் பிற திரைகளுக்கு உதவும். எஞ்சிய குழாயைக் குப்பையில் உடைத்துப் போடுதல் கூடாது. வண்ணக் குழாய்களின் கண்ணாடியில் ஊடுகதிரைத் தடுப்பதற்காக ஈயம் சேர்க்கப்பட்டுள்ளது. உட்புறப் பூச்சுத் தூளும் உடலுக்குத் தீங்கானது. மின்கழிவுகளைப் பெறும் ஏற்புடைய நிலையங்களில் இவற்றை ஒப்படைத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- எதிர்மின் கதிர்க் குழாய்
- கணினித் திரை
- மின்தேக்கி
- மின்மாற்றி
- மின்கழிவு